கால்சியம் சல்பேட் என்று மட்டும் எழுதாதீர்கள்

வெள்ளைப் பொடி, மூடி போட்ட டப்பா, மேலே ஒட்டிய சீட்டில் "கால்சியம் சல்பேட்". ஆய்வகமானாலும் பட்டறையானாலும் இப்படி எழுதி வைத்த டப்பாவைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பெயருக்குள் குறைந்தது மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்றைத் தண்ணீரில் கலக்கினால் சேறு மாதிரி அப்படியே கிடக்கும். இன்னொன்று அரை மணி நேரத்துக்குள் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகிக் கல்லாகிவிடும். மூன்றாவது, பக்குவத்தைப் பொறுத்து, ஈரத்தை வெறிகொண்டு உறிஞ்சும் அல்லது வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் அசையாது. மூன்றும் வெள்ளை, மூன்றுக்கும் வாசனை இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

வேறுபாடு எல்லாம் படிக நீரில், அதாவது படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் நீரில் இருக்கிறது. ஜிப்சத்தில் ஒரு கால்சியம் சல்பேட்டுக்கு இரண்டு மூலக்கூறு நீர், எடையில் 20.9 சதவீதம். பாசனைட்டில் அரை மூலக்கூறு நீர்; 6.2 சதவீதம். சூளையில் செய்யப்படும் பாசனைட்டைத்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்கிறோம், பள்ளிப் புத்தகத்தில் பாரிஸ் சாந்து. அன்ஹைட்ரைட்டில் நீரே கிடையாது. அடர்த்தியும் அதே வரிசையில் மாறுகிறது: ஜிப்சம் 2.3, பாசனைட் சுமார் 2.7, அன்ஹைட்ரைட் 2.97. நீர் போகப் போகப் படிகம் இறுகுகிறது. கடினத்தன்மையில் ஜிப்சம் மோஸ் அளவுகோலின் இரண்டாம் படி, அதற்கான மாதிரிக் கல்லே அதுதான்; நகத்தால் கீறலாம். அன்ஹைட்ரைட் 3 முதல் 3.5 வரை, நகத்துக்கு மசியாது.

பல பெயர், ஒரே சரக்கு

சீட்டில் ஒரு பெயருக்குள் பல பொருள் என்றால், கல் வியாபாரத்தில் நேர்மாறு. செலினைட், சாட்டின் ஸ்பார், அலபாஸ்டர், பாலைவன ரோஜா என்று நாலு பெயர், நாலு விலை, நாலும் ஜிப்சம். கண்ணாடி போலத் தெளிவாக, தகடு தகடாகப் பிரியும் படிகம் செலினைட். நார் நாராக, பட்டுத்துணி மாதிரி ஒளி ஓடும் வகை சாட்டின் ஸ்பார். துகள்கள் நுணுக்கமாக இறுகி, சிலை செதுக்க வாகாக இருப்பது அலபாஸ்டர். மணலைச் சேர்த்துக்கொண்டு இதழ் இதழாக விரிந்தது பாலைவன ரோஜா. கடைகளில் "செலினைட் கோல்" என்று விற்கும் வெண்ணிறக் கோல்களில் பெரும்பாலானவை சாட்டின் ஸ்பார். வேதியியலில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, ஆனால் தெளிந்த தகட்டை எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம்தான். ஜிப்சத்தை அரைத்துச் சுடாமல் விற்றால் அதற்கு டெர்ரா ஆல்பா என்று இன்னொரு பெயர். பிளாஸ்டர் வேலையில் இதற்கு ஒரு முக்கியமான இடம் உண்டு, பிறகு வருகிறேன்.

இந்தப் பெயர்களில் இரண்டில் கவனம் தேவை. எகிப்தியக் கலையில் அலபாஸ்டர் என்று சொல்லப்படும் ஜாடிகளும் பாத்திரங்களும் பெரும்பாலும் ஜிப்சமே அல்ல, கால்சைட் என்ற கால்சியம் கார்பனேட். பிரித்தறிவது எளிது: ஜிப்சத்தில் நகக்கீறல் விழும், கால்சைட்டில் விழாது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் நுரைக்கும், ஜிப்சம் சும்மா இருக்கும். மறைவான அடிப்பக்கத்தில் செய்து பாருங்கள். பாலைவன ரோஜா என்ற பெயரில் பேரைட் என்ற வேறு தாதுவும் வரும். அதன் அடர்த்தி 4.5, அதாவது ஜிப்சத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கையில் எடுத்ததுமே கனம் காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தப் பெயரில் வாங்கியிருந்தாலும் ஜிப்சத்தைக் கழுவி வைக்கும் பழக்கம் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் கரையும். உப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும், ஆனால் ஓடும் தண்ணீரில் பளபளப்பான மேற்பரப்பு மங்கி, தகட்டு விளிம்புகள் மழுங்க அதுவே போதும். உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தால் ஆயிற்று. விளக்குக்குள் வைத்த ஜிப்சக் கல்லுக்குச் சூடான பல்பு போட்டால் இன்னொரு கேடு: நீர் மெல்ல மெல்ல வெளியேறி, தெளிவான இடங்களில் வெள்ளைத் திட்டுக்கள் விழும். அது அழுக்கு அல்ல, மேல்தோல் பாசனைட்டாக மாறிக்கொண்டிருக்கிறது. துடைத்தால் போகாது, நனைத்தாலும் பழைய தெளிவு திரும்பாது.

அடுப்பில் காணாமல் போகும் எடை

சீட்டில் நீரின் அளவு இல்லாததால் முதலில் இடிப்பது கணக்கில்தான். தண்ணீரில் கால்சியம் ஏற்ற 10 லிட்டருக்கு 1 கிராம் ஜிப்சம் போட்டால் லிட்டருக்கு 23 மில்லிகிராம் கால்சியமும் 56 மில்லிகிராம் சல்பேட்டும் சேரும். அதே 1 கிராம் நீரற்ற பொடியாக இருந்தால் 29, 71. கால் பங்குக்கு மேல் வித்தியாசம். நீரற்றதற்கு எழுதிய அளவை ஜிப்சத்துக்கு மாற்ற 1.265-ஆல் பெருக்கவேண்டும், எதிர்த்திசையில் வகுக்கவேண்டும். செய்முறைக் குறிப்பு எழுதுபவர் தான் எந்த வடிவத்தை எண்ணி எழுதினார் என்று சொல்லாவிட்டால் படிக்கிறவர் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இதைவிட மோசமானது ஈரப்பத சோதனை. மண்ணின் ஈரம் பார்க்க வழக்கமாக 105 முதல் 110 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வைப்பார்கள். மண்ணில் ஜிப்சம் இருந்தால் அந்தச் சூட்டில் ஈரத்தோடு சேர்ந்து படிக நீரும் கிளம்பிவிடும். தராசு இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும். 10 சதவீதம் ஜிப்சம் உள்ள மண் அரை நீர் நிலைவரை போனாலே 1.5 சதவீதத்துக்கு மேல் பொய் ஈரம் கணக்கில் ஏறும். அதனால்தான் ஜிப்சம் கலந்த மண்ணை 60 டிகிரியில் உலர்த்தச் சொல்கிறார்கள். ஜிப்சத்தையே சோதிக்கும் முறையில் இன்னும் எச்சரிக்கை: மேலோட்டமான ஈரத்தை 45 டிகிரியில் எடுப்பார்கள், படிக நீரை 215 முதல் 230 டிகிரியில். இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டில் எடுத்த எந்த எண்ணையும் நான் நம்பமாட்டேன். அடுப்பில் எவ்வளவு நேரம், தட்டில் எவ்வளவு தடிமன், பக்கத்தில் வேறு எந்த ஈர மாதிரி இருந்தது என்பதையெல்லாம் பொறுத்து அந்த எண் மாறும்.

அரை மூலக்கூறின் வேலை

அரை மூலக்கூறு நீர் என்பது கேட்க விசித்திரம். இரண்டு கால்சியம் சல்பேட்டுக்கு ஒரு நீர் என்று எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும். படிகத்துக்குள் கால்சியமும் சல்பேட்டும் சங்கிலி சங்கிலியாக ஓடுகின்றன. சங்கிலிகளுக்கு நடுவே நீண்ட குழாய் போன்ற வெற்றிடம். நீர் அந்தக் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. ஜிப்சத்தின் கட்டமைப்பு வேறு. அங்கே நீர் அடுக்கடுக்காக இருக்கிறது, அடுக்குகளைப் பிடித்திருப்பது பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்பு. செலினைட்டைக் கத்திமுனையால் தகடு தகடாக உரிக்க முடிவது அந்த நீரடுக்கு வழியாகப் பிளவதால்தான்.

ஜிப்சப் பொடியைத் திறந்த கொப்பரையில் கிளறிக்கொண்டே சூடேற்றினால் 120 டிகிரியை ஒட்டிப் பொடி கொதிக்கத் தொடங்கும். உருகவில்லை, உள்ளிருந்து கிளம்பும் நீராவி பொடியைத் தூக்கி அலையடிக்கவைக்கிறது. ஒன்றரை மூலக்கூறு நீர் போனதும் அலை அடங்கிப் பொடி கீழே உட்காரும். அதுதான் பிளாஸ்டர் பதம். நிறுத்தாமல் மேலும் சூடேற்றினால் மறுபடி ஒருமுறை கொதிக்கும். மிச்சமிருந்த அரை நீரும் போகிறது.

பிளாஸ்டரைத் தண்ணீரில் கலக்கும்போது நடப்பதை 1887-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெ ஷாதலியே விளக்கினார். ஹெமிஹைட்ரேட், அதாவது அரை நீர் உள்ள பிளாஸ்டர் பொடி, ஜிப்சத்தைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம் கரையும். கரைந்தது ஜிப்சத்தின் கணக்குக்கு மிதமிஞ்சிய செறிவு. உடனே ஜிப்சம் ஊசி ஊசியாகப் படியும். படிந்த அளவுக்கு மேலும் ஹெமிஹைட்ரேட் கரையும். ஊசிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்வதுதான் கெட்டியாவது. 100 கிராம் பிளாஸ்டருக்கு இந்த வேதிவினை கேட்பது 18.6 மில்லிலிட்டர் தண்ணீர்தான். ஆனால் அவ்வளவில் பொடி முழுதாக நனையக்கூடச் செய்யாது. சாதாரண பிளாஸ்டருக்கு 60 முதல் 80 மில்லிலிட்டர் வரை ஊற்றவேண்டியிருக்கிறது. 70 ஊற்றினால் 51 மில்லிலிட்டர் சும்மா இருந்துவிட்டு ஆவியாகும், போன இடமெல்லாம் துளை. பிளாஸ்டரின் வலிமைக் கணக்கே இந்த மிச்சத் தண்ணீரின் கணக்குதான்.

ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை பிளாஸ்டர் வந்ததும் இதனால்தான். திறந்த கொப்பரையில் சுட்டது பீட்டா: நீராவி பிய்த்துக்கொண்டு போனதால் துகள் முழுக்க வெடிப்பும் நுண்துளையும், அதனால் தண்ணீர் தாகம் அதிகம். மூடிய கலத்தில் நீராவி அழுத்தத்தில் பக்குவப்படுத்தினால் ஆல்பா: திண்ணென்ற, முழுமையான படிகங்கள், 30 முதல் 40 மில்லிலிட்டரிலேயே குழம்புப் பதம் வந்துவிடும். பல் மருத்துவ வார்ப்புகளுக்கு வரும் மிக உறுதியான ஸ்டோன் வகை 100 கிராமுக்கு 22 முதல் 24 மில்லிலிட்டரில் கலக்கப்படுகிறது. ஆல்பா பொடியை பீட்டாவின் அளவில் கலந்தால் அது நீர்த்து, கனமான துகள் அடியில் தங்கி, மேலே சுண்ணாம்புத்தண்ணீர் மாதிரி நிற்கும். விலை கொடுத்து வாங்கிய வலிமை அங்கேயே போயிற்று.

எனக்கு இதில் மிகவும் பிடித்த முரண் ஒன்று. கணக்குப்படி ஹெமிஹைட்ரேட்டும் தண்ணீரும் சேர்ந்து ஜிப்சமானால் மொத்தக் கன அளவு சுமார் 7 சதவீதம் குறையவேண்டும். வார்ப்போ குறையாமல் துளி விரிகிறது. அச்சின் நுணுக்கங்களை எல்லாம் பிளாஸ்டர் அப்படி அள்ளிக்கொண்டு வருவதற்கு அந்த விரிவும் ஒரு காரணம். ஊசிகள் வளரும்போது ஒன்றையொன்று தள்ளுகின்றன. மொத்தக் கன அளவு குறைந்தாலும் வெளிச்சட்டகம் அகலமாகிறது, குறைந்த இடம் உள்ளே துளையாகத் தங்குகிறது.

கெட்டுப்போவதற்கும் இங்கே வழி நிறைய. பழைய ஜிப்சத் துகள் ஒட்டிய பாத்திரத்தில் புதுக் கலவை போட்டால் அந்தத் துகள்களே விதையாகிப் படிகம் சடாரென்று வளரும். வார்ப்பதற்குள் பாத்திரத்திலேயே இறுகிவிடும். வேண்டுமென்றே வேகப்படுத்த டெர்ரா ஆல்பா அரை சதவீதம், ஒரு சதவீதம் சேர்ப்பதும் இதே காரணத்துக்குத்தான். தாமதப்படுத்த சிட்ரிக் அமிலம், ஆனால் மிகக் கொஞ்சம். ஒரு சிட்டிகை கூடினால் வலிமை விழும். ஈரக்காற்று பட்ட மூட்டையும் முதலில் வேகமாக இறுகும், விதை உள்ளேயே உண்டாகிவிட்டதால். இன்னும் நாள்பட்டால் பொடியின் பெரும்பங்கு ஏற்கெனவே ஜிப்சமாகிவிட்டிருக்கும், இறுகினாலும் விரலால் நொறுக்கலாம். இன்னொன்று, விளையாட்டாகக்கூடக் கையைப் பிளாஸ்டர் வாளிக்குள் விட்டு அச்செடுக்காதீர்கள். பெரிய திரளில் சூடு வெளியேற வழியில்லாமல் 60 டிகிரியைத் தாண்டும், அதற்குள் கை உள்ளே பூட்டப்பட்டிருக்கும்.

சிமென்ட்காரர்களுக்கு இதே அரை நீர் வேறு ரூபத்தில் தொல்லை தரும். கிளிங்கரோடு, அதாவது சூளையில் சுட்டெடுத்த சிமென்ட் கட்டிகளோடு, சில சதவீதம் ஜிப்சம் சேர்த்து அரைப்பது, சிமென்ட் உடனே இறுகாமல் தடுக்க. அரைவை ஆலை அதிகம் சூடானால் ஜிப்சம் ஹெமிஹைட்ரேட்டாகிவிடும். தண்ணீர் பட்டதும் அது பிளாஸ்டர் வேலையைக் காட்டும். கலவை சில நிமிடத்தில் விறைக்கும். இது பொய் இறுகல். தண்ணீர் சேர்க்காமல் மறுபடி கிளறினால் இளகிவிடும். பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்தான் கான்கிரீட்டைக் கெடுக்கிறார்.

எண்ணும் போதாது

இதுவரை சொன்னதை வைத்து என் கட்சி தெளிவாக இருக்கவேண்டும்: சீட்டில் நீரின் எண்ணைப் போடுங்கள், இரண்டு, அரை, பூஜ்யம், பிரச்சினை தீர்ந்தது. நெடுநாள் நானும் அப்படித்தான் வாதாடினேன். அதைக் கலைத்துப் போடுவது பூஜ்யம்தான்.

ஹெமிஹைட்ரேட்டின் அரை நீரையும் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் விரட்டிவிட்டால் கிடைப்பது நீரற்ற கால்சியம் சல்பேட். ஆனால் சங்கிலியும் குழாயும் அப்படியே நிற்கின்றன, குழாய் மட்டும் காலி. இதைக் கரையும் அன்ஹைட்ரைட், காமா அன்ஹைட்ரைட், மூன்றாம் அன்ஹைட்ரைட் என்று ஆளுக்கொரு பெயரில் அழைக்கிறார்கள். அடுப்பிலிருந்து எடுத்து மூடாமல் தராசில் வைத்துப் பாருங்கள்: எண் நிற்காது. கடைசி இலக்கம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும், அதற்கடுத்த இலக்கமும் கிளம்பும். காற்றின் ஈரம் காலிக் குழாய்க்குள் குடியேறுகிறது. 100 கிராமுக்கு 6.6 கிராம் நீர் ஏறி மறுபடி ஹெமிஹைட்ரேட் ஆனதும் அடங்கும். டிரையரைட் என்ற பெயரில் வரும் உலர்த்தி இந்தச் சரக்குதான். ஈரம் ஏறியதை 210 முதல் 230 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலைக்கு வரும்.

அதே பொடியை இன்னும் சூடேற்றி 350, 400 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். எடை துளியும் மாறாது, போவதற்கு நீரே இல்லை. ஆனால் உள்ளே குழாய்கள் இடிந்து, சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, மண்ணுக்கடியில் கிடைக்கும் அன்ஹைட்ரைட்டின் கட்டமைப்பே வந்துவிடும். இப்போது தராசில் வைத்தால் எண் அசையாது. தண்ணீரில் கலந்தால் இறுகாது. சூளைக்காரர்கள் இதைச் செத்துப்போன பிளாஸ்டர் என்கிறார்கள். உலர்த்தியைச் சீக்கிரம் உலரட்டும் என்று சூட்டை ஏற்றி வைப்பவர்கள் அதைக் கொன்றுவிடுகிறார்கள். நிறம் பளிச்சென்று இருக்கும், ஈரம் மட்டும் பிடிக்காது. இரண்டுக்கும் சூத்திரம் ஒன்று, எடை ஒன்று, நீரின் எண் பூஜ்யம். ஆல்பா, பீட்டா விஷயத்திலும் நீரின் எண் ஒன்றுதான், குணம்தான் வேறு. ஆக, சீட்டில் எண்ணோடு பொடி வந்த வழியும் இருக்கவேண்டும்: எத்தனை டிகிரி, திறந்தா மூடியா.

செத்தது முழுக்கச் சாகவில்லை என்பதும் உண்மை. பொட்டாசியம் சல்பேட்டோ படிகாரமோ சேர்த்தால் மெல்ல நீரேறி மிக உறுதியாக இறுகும். கீன்ஸ் சிமென்ட் அப்படித்தான் செய்யப்பட்டது. பூமிக்கடியில் அவசரமே இல்லை. அங்கே தண்ணீர் புகுந்தால் அன்ஹைட்ரைட் ஜிப்சமாகும்போது திடப்பொருளின் கன அளவு 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, வெளியிலிருந்து வரும் நீர் படிகத்துக்குள் குடியேறுவதால். ஜெர்மனியின் ஷ்டௌஃபன் நகரில் 2007-இல் புவிவெப்பத்துக்காக 140 மீட்டர் ஆழம்வரை துளையிட்டார்கள். நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் அடுக்குக்குள் புகுந்தது. ஊரின் நடுப்பகுதி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் மேலெழுந்தது, இருநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். மெக்சிகோவின் நாயிக்கா சுரங்கத்தில் 2000-இல் கண்டெடுத்த குகையில் இதே மாற்றம் வேறு விதமாக நடந்திருக்கிறது: 58 டிகிரிக்குச் சற்றுக் கீழே நின்ற நீரில் அன்ஹைட்ரைட் மெல்லக் கரைய, ஜிப்சம் மெல்ல வளர, 11 மீட்டர் நீளப் படிகங்கள்.

பொடியை விசாரிக்கும் முறை

சீட்டில்லாத பொடி கையில் இருந்தால் செய்யவேண்டியது இது. முதலில் ஒரு கரண்டிப் பொடியை ஈரமான காற்றுள்ள மூடிய பெட்டியில் இரவு முழுக்க விடுங்கள், காமா இருந்தால் அது ஹெமிஹைட்ரேட்டாகி அடங்கட்டும். பிறகு 45 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, 10 கிராம் நிறுத்து, மெல்லிய அடுக்காகப் பரப்பி, 230 டிகிரியில் இரண்டு மணி நேரம். எடுத்ததும் மூடி போட்டு, உலர்கலத்தில் ஆறவிட்டு, மூடியோடே நிறுங்கள். இழப்பு 2.09 கிராம் என்றால் சுத்தமான ஜிப்சம். 0.62 என்றால் ஹெமிஹைட்ரேட். ஒன்றுமே இல்லை என்றால் செத்த அல்லது இயற்கையான அன்ஹைட்ரைட்.

நடுவில் ஓர் எண், 1.10 கிராம் என்று வந்தால்? நான்காவதாக ஒரு நீரேறிய வடிவம் இருப்பதாக முடிவுகட்டவேண்டாம், கலவைதான். மூன்றில் ஒரு பங்கு ஜிப்சமும் மிச்சம் ஹெமிஹைட்ரேட்டும் சேர்ந்தாலும் 1.10 வரும், 53 சதவீதம் ஜிப்சமும் மிச்சம் அன்ஹைட்ரைட்டும் சேர்ந்தாலும் வரும். அடுப்பு இதைப் பிரிக்காது, தண்ணீர் பிரிக்கும். 45 டிகிரியில் உலர்த்திய பொடியில் இன்னொரு 10 கிராம் எடுத்து, எடை தெரிந்த கிண்ணத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி, சில மணி நேரம் மூடிவைத்து, வடிக்காமல் அப்படியே 45 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். வடித்தால் கரைந்த ஜிப்சமும் சேர்ந்து போய்விடும். ஹெமிஹைட்ரேட் கலவை என்றால் எடை ஏறக்குறைய 1.25 கிராம் கூடியிருக்கும். அன்ஹைட்ரைட் கலவை என்றால் அந்தச் சில மணி நேரத்தில் அநேகமாக ஒன்றும் கூடாது. இரண்டு எண்ணையும், சுட்ட சூட்டையும், டப்பா திறந்த தேதியையும் சீட்டில் எழுதிவிட்டு, கீழே மிச்சம் இடமிருந்தால் கால்சியம் சல்பேட் என்றும் போட்டுக்கொள்ளலாம்.